தூக்கிப் போடும் முன் கேளுங்கள்

மாணவியர் விடுதி
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ஒரே மகள் கொசு எழுதுவது. நான் நலம். நீ நலமா, அப்பா நலமா, உன் டிரைவிங் ஸ்கூல் கார் நலமா? இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் படிக்கப்போகும் வார்டன் மேடமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் நல்ல செய்தி: எனக்குக் காய்ச்சல் இல்லை. கெட்ட செய்தி: இந்த வருடம் முழுக்க எனக்குப் போனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசலாம் அல்லவா? நான் அதிலிருந்து சமையலறைக்குப் பேசி, தலைமையாசிரியை குரலில், "இன்னைக்கு எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஐஸ்கிரீம் குடுத்துடுங்க" என்று உத்தரவு போட்டேன். குரல் கச்சிதம். சமையல்காரரும் "சரிங்க மேடம்" என்றார். தலைமையாசிரியை அந்த நேரத்தில் அவர் பக்கத்திலேயே நின்று ருசி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சின்னப் பிசகு. ஆகவே இனிமேல் கடிதம்தான்.

ஐஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. லீவில் ஐஸ் தட்டில் ரப்பர் கரப்பான்பூச்சியை உறைய வைத்தேனே, நீ அதைக் கடித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதே. அப்போது சிரித்தேன். இங்கே வந்து யோசித்தால் குழப்பமாக இருக்கிறது. நீ எப்போதிலிருந்து ஐஸ்கட்டியைக் கடக்முடக் என்று மெல்ல ஆரம்பித்தாய்? நான் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் தட்டு காலி.

இன்னொன்று. கார் சீட்டில் கறுப்புத் துண்டை மடித்துப் போட்டு உட்காருவது என்ன புது நாகரிகம்? அப்புறம், நீயும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் ஏன் சட்டென்று மிக்ஸி மோட்டாருக்குத் தாவுகிறீர்கள்? அப்பா பேசலாம், அவருக்கு மோட்டார் காயில் கட்டுவதுதான் பிழைப்பு. உனக்கு மோட்டார் மேல் என்ன திடீர்ப் பாசம்?

பதில் போடு. பொய் சொல்வதாக இருந்தால் நீளமாகச் சொல், இங்கே பொழுது போகவில்லை.

உன் ரத்தம் குடித்து வளர்ந்த,
கொசு


வீடு
ஜூன் 27

அன்பு மகள் கொசுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். உன் நலத்தை உன்னிடம் கேட்பதைவிட வார்டன் மேடத்திடம் கேட்டால்தான் சரியான பதில் வரும் போலிருக்கிறது. மேடம், இவளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். இல்லை, உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் வெயிலுக்காக. துண்டு சீட்டுச் சூட்டுக்காக. மோட்டார் பேச்சு பொது அறிவுக்காக. போதுமா?

இப்போது என்னிடம் ஒரு பல் டாக்டர் கார் கற்றுக்கொள்கிறார். ஊரில் அத்தனை பேர் வாயைத் திறக்க வைக்கிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தன் வாயை மூடுவதே இல்லை. "மேடம் மேடம் மேடம்" என்று ஒரே அலறல். பிரேக் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார். நம் காரில்தான் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறதே, நான்தான் மிதித்து நிறுத்துவேன். போன வாரம் முதல் தடவையாக அவரே பிரேக் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கும் இழுத்தாராம். நன்றாகத் தேறிவிட்டார்.

சீட் கவர் புதிதாக மாற்றியாயிற்று. அப்பா உன்னை விசாரித்தார். நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
அம்மா


மோட்டார் காயில் கட்டுமிடம்
மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் பம்ப்
"தூக்கிப் போடும் முன் எங்களைக் கேளுங்கள்!"
ஜூலை 6

மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஆபரேஷன். பெரிய டாக்டர். பயப்பட ஒன்றும் இல்லை. அம்மா இதை எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். நான் எழுதியதை அம்மாவுக்கு எழுத வேண்டாம்.

நன்றாகச் சாப்பிடவும்.

அப்பா


மாணவியர் விடுதி
ஜூலை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, தலைதான் சுற்றுகிறது.

அப்பா எழுதியதை உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா எழுதியிருக்கிறார். அப்பா சொல்லைத் தட்டக் கூடாது. ஆகவே நான் எழுதவில்லை. அவர் கடிதத்தையே இதனுடன் வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள்.

படித்துவிட்டாயா? நீ கெட்டிக்காரி என்று தெரியும். கட்டிக்காரி என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த ஜோக்கை எழுதிவிட்டு நானே சிரிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

என் சந்தேகங்கள்: இது புற்றுநோயா? கட்டியை எடுக்கிறார்களா, பையோடு எடுக்கிறார்களா? அப்பா "எடுத்துவிடுவது" என்று மட்டும் எழுதிவிட்டு எதை என்பதை விழுங்கிவிட்டார். உயிரியல் புத்தகத்தில் பார்க்கலாம் என்றால், அந்தப் பாடத்தை டீச்சர் "இதை வீட்டுல படிச்சுக்குங்க" என்று தாண்டிவிட்டார். வீட்டிலோ மிக்ஸி மோட்டார். நான் எங்கேதான் போய்ப் படிப்பது?

சீட் கவர் விஷயமும் இடிக்கிறது. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கவரை லீவில் நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் எப்படிப் பழசானது? பல் டாக்டர் கடித்துவிட்டாரா? அவர் ஹேண்ட் பிரேக் இழுத்ததை "இழுத்தாராம்" என்று எழுதியிருக்கிறாய். பக்கத்துச் சீட்டில் நீதானே இருந்தாய்? உனக்கு யார் வந்து சொன்னது?

அம்மா, நான் அந்த இடத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தவள். சுவரை உதைத்தவள். இடிக்கப்போகிறார்கள் என்றால் பழைய குடித்தனக்காரிக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ என்ன நினைக்கிறாய்? அப்பா கடிதத்தில் டாக்டர் இருக்கிறார், ஆகஸ்ட் இருக்கிறது, நீ மட்டும் இல்லை.

உண்மையை எழுது. குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

கொசு


வீடு
ஜூலை 25

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். வார்டன் மேடம் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும், அவர்களும் பெண்தானே.

புற்றுநோய் இல்லை. அதை முதலில் மனதில் போட்டுக்கொள். ஃபைப்ராய்டு என்கிறார்கள். கர்ப்பப்பைச் சுவரில் வளரும் சதைக்கட்டி, பல பேருக்கு இருக்குமாம், பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாதாம். எனக்கு ஒன்று பெரிதாக, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு, கூடவே சில்லறையாக இரண்டு மூன்று. அதனால் மாதத்தில் பாதி நாள் தூரம். அதுவும் குழாயைத் திறந்துவிட்டது போல. ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது. (நீ ஊரில் இல்லாதபோது யார் குடித்தது என்று கேட்பாய். கேட்காதே.)

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எத்தனை குழந்தை?" என்றார். "ஒரு பொண்ணு." "வயசு?" "நாப்பத்திரெண்டு." "இனிமே பெத்துக்கப் போறதில்லைல்ல? அப்புறம் எதுக்கு அந்தப் பை? எடுத்துட்டா இந்தத் தொல்லையே கிடையாது." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர்தான். அப்பா என்னைப் பார்க்காமலே "எடுத்துடலாங்க டாக்டர்" என்றார். உன் அத்தை போனில், "ஆமா, அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே, எடுத்து எறி" என்றாள். நானும் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். யாரைப் பார்த்து ஆட்டினேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் ஏதோ இடறுகிறது. எடுக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு பிள்ளை வேண்டாம், உன் ஒருத்தியையே என்னால் கட்டி மேய்க்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பயமா என்றால் அதுவும் இல்லை. பின்னே என்ன? தெரியவில்லையடி. காரணம் சொல்லத் தெரியாமல் டாக்டரம்மா முன்னால் எப்படி வாயைத் திறப்பது? நம் கார் மாதிரி இருக்கிறது எனக்கு. ஸ்டியரிங் என் கையில். ஆனால் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் மிதிக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

குழப்பி விட்டுவிட்டேனா? நீ படி. நன்றாகச் சாப்பிடு.

அம்மா

(கடிதத்தின் அடியில், சிவப்பு மையில்:)

கடிதங்களைப் படிப்பது என் வேலை. இதைப் படித்திருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். அதற்குள் படித்து முடித்துவிட்டேன். என் தங்கைக்கும் இதே தொல்லை இருந்தது. பையை எடுக்கவில்லை. மாலைப் படிப்பு முடிந்ததும் என் அறைக்கு வா. கையில் ரப்பர் பூச்சி எதுவும் கொண்டு வராதே.
வார்டன்


மாணவியர் விடுதி
ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன்.

உலக அதிசயம்: வார்டன் மேடம் அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நானும் அதில் பசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பழக்கதோஷம்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, பையை எடுக்கிறதும் ஒரு வழிதான், ஆனா அது ஒண்ணு மட்டும் இல்ல" என்று ஆரம்பித்தார்கள். மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கைக் குறைக்கலாம். கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பையைத் தைத்துவிடலாம். மூன்றாவதாக ஒன்று, அவர்கள் தங்கைக்குச் செய்தது. தொடை இடுக்கு வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ நூல் மாதிரி ஒரு குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, கட்டிக்கு ரத்தம் போகும் இடம் வரை கொண்டுபோகிறார்கள். அங்கே மணல் மாதிரி பொடித் துகள்களைத் தூவி வழியை அடைத்துவிடுகிறார்கள். கட்டிக்குச் சோறு தண்ணி கட். பட்டினி கிடந்து சுருங்கிவிடும். பை அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும். வயிற்றைக் கிழிப்பதில்லை.

எல்லாருக்கும் ஒத்துவராதாம். கட்டி இருக்கும் இடத்தையும் அளவையும் ஸ்கேனில் பார்த்துத்தான் சொல்வார்களாம். "என் தங்கச்சி முதல் நாள் வலியில என் கையை நசுக்கிட்டா, அதையும் எழுது. நல்லதை மட்டும் எழுதாதே" என்றார்கள். எழுதிவிட்டேன். இதைச் செய்பவர்கள் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர்களாம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டி பாதி சுருங்கிவிடும் போலிருக்கிறது.

அம்மா, காரணம் தெரியவில்லை என்றால் என்ன? ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் உன்னிடம் காரணமா கேட்டார்கள்? போய் ஒரு தடவை விசாரி. ஆகஸ்ட் கடைசி கிட்டே வந்துவிட்டது.

கவலையுடன் (எழுத்துப்பிழை இல்லை, நிஜமாகவே கவலை),
கொசு


மாணவியர் விடுதி
ஆகஸ்ட் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் வரவில்லை. வார்டன் மேடம் தண்டனையைத் தளர்த்திப் போன் கொடுத்தார்கள். நீ எடுத்தாய். "நல்லா இருக்கேன். சாப்பிட்டியா? வெச்சுடட்டுமா?" என்றாய். வைத்துவிட்டாய். அது நீயா, உன் குரலில் யாராவது பதிவு செய்து வைத்த டேப்பா? குரலைப் போலி செய்வதில் இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பின்னால் யாரோ பேரைக் கூப்பிட்டு வரிசையில் வரச் சொன்னது கேட்டது. நம் வீட்டில் ஏது வரிசை?

ஒரு வாரமாக ஒரு குறும்பும் செய்யவில்லை. மேடம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

எழுது. ஒரு வரி போதும்.

கொசு


அனுப்புநர்:
கர்ப்பப்பை,
அடிவயிறு, தரைத்தளம்,
டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா வளாகம்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
மோட்டார் காயில் கட்டுமிடம்.

ஆகஸ்ட் 13

பொருள்: தூக்கிப் போடுவதற்கு முன் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தங்கள் மனைவியாரிடம் நாற்பத்திரண்டு வருடமாகப் பணிபுரிந்து வருகிறேன். லீவு எடுத்ததில்லை. ஒரே ஒரு முறை பெரிய ஆர்டர் வந்தது. அதை நல்லபடியாக முடித்து, குறித்த நாளில் டெலிவரியும் கொடுத்தேன். சரக்கு கொஞ்சம் வாலுத்தனமாக இருப்பது என் குற்றமல்ல, அது தங்கள் பக்கத்துக் கோளாறு என்று கேள்வி.

தற்போது என் சுவரில் கட்டி வந்துள்ளது. வேலையில் பழுது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, தங்கள் கடையின் போர்டை நான் அறிவேன். புகைந்துபோன மிக்ஸியை ஒருவர் கொண்டுவந்து "புதுசே வாங்கிடலாமா?" என்று கேட்டால் தாங்கள் கோபித்துக்கொள்வீர்கள். "உள்ள திறந்து பாக்காம எப்படிங்க தூக்கிப் போடச் சொல்வேன்? ஒரு காயில் போயிருக்கும், அதை மட்டும் கட்டிட்டா ஓடும்" என்பீர்கள். நம் வீட்டு மின்விசிறிக்கு என்னைவிட வயது அதிகம். அதைத் தாங்கள் எத்தனை முறை கழற்றி மாட்டியிருக்கிறீர்கள்!

மின்விசிறிக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடையாதா? எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தூக்கிப் போடும் முன் தாங்கள் யாரைக் கேட்டீர்கள்? டாக்டரைக் கேட்டீர்கள், சரி. தங்கள் அக்காவைக் கேட்டீர்கள், அதுவும் சரி. எனக்குச் சொந்தக்காரி ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேட்டீர்களா?

பதிலை என் பழைய குடித்தனக்காரி, மாணவியர் விடுதி என்ற முகவரிக்கு அனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
கர்ப்பப்பை


மோட்டார் காயில் கட்டுமிடம்
ஆகஸ்ட் 19

கர்ப்பப்பை அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம்தான் இப்போது எல்லோருக்கும் கவலை.

தங்கள் கடிதம் கடைக்கு வந்தது. தபால்காரர் அனுப்புநர் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தங்களுக்கே பதில் எழுதுகிறேன். பெற்ற பெண்ணுக்கு இதை எழுத எனக்கு வராது.

பல் டாக்டர் பிரேக் போட்டது நிஜம். ஏன் போட்டார் என்பதை என் மனைவி எழுதியிருக்கமாட்டாள். பக்கத்துச் சீட்டில் அவள் மயங்கி அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். அவர் காரை அப்படியே ஓரம் கட்டிவிட்டு, ஓட்டத் தெரியாமல், கடைக்கு ஓடியே வந்தார். "மேடம் எந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றார். போய்த் தூக்கினேன். என் கை, சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அவள் எழுந்து பார்ப்பதற்குள் அந்தச் சீட் கவரைக் கழற்றிக் கடைக் குழாயடியில் அலசினேன். அலச அலச வந்துகொண்டே இருந்தது. ஒரு ஆளுக்குள் இவ்வளவு இருக்குமா என்று நினைத்தேன். பிறகு தூக்கிப் போட்டுவிட்டேன். நான் தூக்கிப் போட்ட பொருள் அது ஒன்றுதான்.

மோட்டாரை மேஜையில் வைத்துத் திறக்கலாம். எங்கே கருகியது என்று கண்ணால் பார்க்கலாம். இதை எப்படித் திறந்து பார்ப்பேன்? டாக்டரம்மா "எடுத்துட்டா இந்தத் தொல்லையே கிடையாது" என்றார். எனக்கு "கிடையாது" மட்டும்தான் காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த மாதமும் ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினோம். விடுதியிலிருந்து போன் வந்தபோது அவள் அங்கேதான் இருந்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். மன்னிக்கவும், தங்கள் குடித்தனக்காரியிடம் சொல்லக் கூடாது என்றாள்.

டாக்டரைக் கேட்டேன். அக்காவைக் கேட்டேன். மருந்துக் கடைக்காரரைக்கூடக் கேட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

போர்டில் அந்த வாசகத்தை என் கையால்தான் எழுதினேன்.

இன்று கடையைச் சீக்கிரம் பூட்டுகிறேன். போய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்


மாணவியர் விடுதி
ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் வந்தது. வார்டன் மேடம் அதைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார்கள். "இந்தப் பேர்ல என் விடுதியில யாரும் தங்கலை. அதனால இதைப் படிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார்கள்.

மொட்டை மாடியில் துணிக்கொடிக்குப் பின்னால் நின்று படித்தேன். ஜோக் எதுவும் தோன்றவில்லை. நான் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஐஸ் தட்டில் பூச்சி வைத்தவள் மேல் படலாமா என்று பார்க்கிறேன்.

அம்மா என்ன சொன்னார்கள்?

கொசு


வீடு
செப்டம்பர் 8

அன்பு மகள் கொசுவுக்கு,

அம்மா எழுதுவது. இன்று சற்றுத் தெம்பாக இருக்கிறேன். இது டேப் இல்லை, நானேதான்.

அன்று உன் அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை, மடியில் மோட்டார் இல்லை. வெறுங்கையோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அதுவே பயமாகிவிட்டது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"உனக்கு என்ன பண்ணணும்னு இருக்கு?" என்றார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? உன் கடிதம், வார்டன் மேடம் சொன்னது எல்லாம் கார் டேஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் தெரியுமா? ஆனால் வாயில் வந்தது, "தெரியலைங்க."

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். "சரி. தெரியிற வரைக்கும் தேதியைத் தள்ளி வைப்போம்" என்றார். "காரணம் கேக்க மாட்டீங்களா?" என்றேன். "உன்னுதுக்கு நீ எதுக்குக் காரணம் சொல்லணும்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை இன்னும் வேகமாக வைத்தார்.

ஒன்று சொல்கிறேன். முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால் "எடுத்துடுங்க" என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ.

அப்புறம் இருவருமாக அந்த நீளப் பெயர் டாக்டரிடம் போனோம். முதலில் பார்த்த டாக்டரம்மாவே சீட்டு எழுதிக் கொடுத்தார், "கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். யார் யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே குழப்பம். புது ஸ்கேன் எடுத்தார்கள். என் கட்டிக்கு இது ஒத்துவரும் என்றார் அந்த டாக்டர். பிற்காலத்தில் மறுபடி தொல்லை வந்தாலும் வரலாம், சிலருக்கு மறுபடி வைத்தியம் தேவைப்படும் என்பதையும் மறைக்கவில்லை. அப்பா ரிவைண்டிங் செய்த மோட்டாருக்கு எவ்வளவு நாள் கியாரண்டி கொடுப்பார் என்று டாக்டரிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் காலை மிதித்தேன். பிரேக் பிடித்தது.

இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். ஐஸ் ஆசை வெயிலால் இல்லையாம், ரத்தம் குறைந்தால் சிலருக்கு இப்படி ஐஸ் மெல்லத் தோன்றுமாம். பார், அதுவும் பொய்யில்லை, எனக்கே தெரியாது.

இந்த மாதக் கடைசியில் செய்கிறார்கள். அதுவரை மாத்திரை. குழாய் விடுவது என்று நான் முடிவு செய்தேன். நான். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா


வீடு
நவம்பர் 30

அன்பு மகள் கொசுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். இந்தத் தடவை அந்த வார்த்தையை நிதானமாக யோசித்துத்தான் எழுதினேன். நீயும் வார்டன் மேடமும் நலமா? அவர்கள் தங்கைக்கும் என் அன்பைச் சொல். முகம் தெரியாத அவளை அந்த முதல் நாள் முழுக்க நினைத்துக்கொண்டேன்.

போனில் சொல்லாததைச் சொல்கிறேன். வலித்தது. நன்றாகவே வலித்தது. குழாய் விடும்போது ஒன்றும் இல்லை, விழித்தபடி திரையில் என் ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி பரவியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கட்டி தனக்குச் சோறு நின்றுபோன கோபத்தையெல்லாம் காட்டியது. அப்பா கையை நீட்டினார், நசுக்கினேன். இப்போதும் காயில் கம்பி சுற்றும்போது சுண்டுவிரலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். கேட்டால் "ஸ்டைல்" என்கிறார்.

ஒரு வாரம் படுக்கை. இப்போது மாதத் தொல்லை மற்றவர்களுக்கு வருவது போல வந்து, சொல்லிக்கொண்டு போய்விடுகிறது. நேற்று ஸ்கேன் எடுத்தோம். ஆரஞ்சு இன்னும் எலுமிச்சை ஆகவில்லை, நடுவில் எங்கேயோ இருக்கிறது. இன்னும் சுருங்குமாம். பார்ப்போம். துண்டு இல்லாமல் சீட்டில் உட்காருகிறேன். பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். சந்தோஷத்தில் என் பல்லைச் சும்மாவே பார்த்துவிட்டு, "ஐஸ் கடிச்சுக் கடிச்சு ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு மேடம்" என்றார்.

ஏன் வேண்டும் என்று தோன்றியது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் அப்பா பேச்சோடு பேச்சாகக் கேட்டார், "இப்பவாச்சும் தெரிஞ்சுதா?" "இல்லை" என்றேன். "சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். உனக்கு எப்போதாவது தெரிந்தால் எனக்கு எழுது.

மறந்துவிட்டேனே. முந்தாநாள் அப்பாவின் சிநேகிதர் வந்திருந்தார். ஜூஸ் கொடுக்கலாம் என்று ஐஸ் தட்டை எடுத்தால், தட்டு நிறைய ஐஸ், மேலே வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடக்கிறது. யாரும் தொட்டே எத்தனையோ நாள் ஆகியிருக்கிறது. தட்டிப் பார்த்தால் அதற்கு அடியில் பனிக்குள் புதைந்து இன்னொரு தட்டு. அதன் மூலையில், ஒரு கட்டிக்குள், காலை மடக்கிக்கொண்டு உன் இரண்டாவது கரப்பான்பூச்சி! அடிப்பாவி, இரண்டு வைத்தாயா?

தூக்கிப் போடத்தான் போனேன். அப்புறம் ஒரு யோசனை வந்து, யாரையும் கேட்காமல் அப்பா டம்ளரில் போட்டுவிட்டேன்.

எதிர்வீட்டு நாய் இன்னும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

லீவுக்கு வா.

ஐஸ் வேண்டாத,
அம்மா